அந்தமானுக்குப் போகிறீர்களா? குமரி மாவட்டத்துக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்விகள்

நான் டிராவல்ஸ் நடத்துகிறவன் இல்லை. நாகர்கோவில் வடசேரியில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். சித்தப்பா மகன் ஒருவன் அந்தமானில் வேலை பார்ப்பதால் நாலு தடவை போய்வந்தேன், அவ்வளவுதான். அந்தச் சேதி பரவியதிலிருந்து கல்யாணப் பந்தியிலும், கடைக்கு நோட்டு வாங்க வந்த இடத்திலும், பஸ் ஸ்டாண்டிலும் ஒரே கேள்விகள். திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் எல்லாம் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

நம்ம ஊர்ல இல்லாத கடலா? அதைக் காண எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்?

நியாயமான கேள்வி. கடலையும் தென்னையையும் பார்க்க மட்டும் என்றால் போகவே வேண்டாம், முட்டம் போதும். தீவுதான் வேண்டும் என்றால் நம்மிடமே இரண்டு பாறைகள் இருக்கின்றன. ஒன்றில் 1970இல் கட்டிய விவேகானந்தர் மண்டபம், இன்னொன்றில் 133 அடி வள்ளுவர், 2024 டிசம்பரிலிருந்து இரண்டுக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம்.

வித்தியாசம் என்னவென்றால், நம் கடல் மேலே நின்று பார்க்கிற கடல். சொத்தவிளையில் முழங்கால் தண்ணீரில் நின்றால் பாதம் தெரியாது. அலை மணலைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். அந்தமானில் பல இடங்களில் கரையை ஒட்டிப் பவளப்பாறை இருக்கிறது. அது அலையை வெளியிலேயே உடைத்துவிடுவதால் உள்ளே தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். கழுத்தளவு தண்ணீரிலும் கால் நகம் தெரியும். அது உள்ளே குனிந்து பார்க்கிற கடல். என்னைக் கேட்டால் அங்கே போவதற்கு மூன்றே காரணம்தான்: பவளம், சிறை, அலையாத்திக் காட்டுக் கழி (மாங்குரோவ் காட்டுக்குள் ஓடும் உப்புநீர் ஓடை). மற்றதெல்லாம் கூடுதல்.

போர்ட் பிளேருக்குத்தான் டிக்கெட் கேட்டேன். ஸ்ரீ விஜய புரம்னு போட்டுத் தந்திருக்கான். ஏமாத்திட்டானா?

ஏமாற்றவில்லை. போர்ட் பிளேரின் பெயரை 2024 செப்டம்பரில் மாற்றினார்கள். அதற்கு முன்பே, 2018 டிசம்பரில், ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவாகவும், நீல் தீவு ஷஹீத் தீவாகவும், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவாகவும் ஆகிவிட்டன. ஆட்டோக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னால் போதும், டிக்கெட்டில் புதுப் பெயரைத் தேடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் பழைய பெயர்களையே எழுதுகிறேன். கை அப்படிப் பழகிவிட்டது.

திருவனந்தபுரத்துல இருந்து நேரா பிளைட் உண்டா? இல்ல மெட்ராஸ் போகணுமா?

திருவனந்தபுரம் நமக்குப் பக்கம்தான், ஆனால் பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோ விமானம் மாறவேண்டி வரும். நான் இரவு ரயிலில் சென்னை போய், மறுநாள் விமானம் ஏறுகிறவன். சென்னையிலிருந்து இரண்டே கால் மணி நேரம்தான். ஒரு எச்சரிக்கை: ரயில் வந்து சேருகிற நேரத்துக்கும் விமானத்துக்கும் குறைந்தது ஆறு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கப்பல்ல போனா என்ன? நாம கடல்காரங்கதானே.

போகலாம். சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பல் உண்டு, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர், மூன்று நாள் கணக்கு. ஆனால் தினமும் கிளம்புகிற வண்டி இல்லை, மாதத்தில் சில முறைதான். பங்க் வகுப்பிலிருந்து (ஒரே கூடத்தில் அடுக்குப் படுக்கை) தனி அறை வரை டிக்கெட் உண்டு. குளச்சல்காரர் ஒருவர் ஆசையாகப் போனார். முதல் நாள் கடல் பார்த்தார், இரண்டாம் நாள் சீட்டு விளையாடினார், மூன்றாம் நாள் கரையைத் தேடினார். திரும்பும்போது விமானத்தில் வந்தார். எனக்கும் அதுதான் யோசனை: போகும்போது கப்பல், வரும்போது விமானம், அதுவும் லீவு தாராளமாக இருந்தால்.

பாஸ்போர்ட் வேணுமா சார்?

இந்தியர்களுக்கு வேண்டாம். ஆதாரோ வேறு ஏதாவது அடையாள அட்டையோ போதும், ஆனால் அசலைக் கையிலேயே வைத்திருங்கள். ஒவ்வொரு படகுக்கும் காட்டவேண்டி வரும்.

இந்தி ஒரு வார்த்தை தெரியாது. சமாளிக்க முடியுமா?

நிம்மதியாகச் சமாளிக்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி அங்கே வங்காளத்துக்கும் இந்திக்கும் அடுத்து அதிகம் பேருக்குத் தாய்மொழி தமிழ்தான். போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் நான் இந்தியில் திக்கித் திணறி விலை கேட்டபோது, கடைக்காரர் சிரித்துவிட்டு, "அண்ணாச்சி, தமிழ்லயே கேளுங்க" என்றார். பூர்வீகம் சாத்தான்குளமாம்.

மே மாச லீவுலதான் பிள்ளையளக் கூட்டிட்டுப் போக முடியும். கொள்ளாமா?

ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் என்றால் கொள்ளாம், நல்லதுதான். வெயில் கடுமையாக இருக்கும், ஆனால் கடல் அடங்கியிருக்கும். மே பாதிக்கு மேல் வேண்டாம். தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு ஜூன் 1 வாக்கில் வரும் என்பது நமக்கு மனப்பாடம். அது அந்தமானுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே வந்துவிடும். அங்கேயும் நம்மைப்போல இரண்டு பருவமழைதான். அக்டோபர், நவம்பரில் புயல் சின்னம் உருவாகிற பக்கம் அது. டிசம்பர் பாதியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம்.

மூணு நாள் போதாதா? கம்பெனியில அதுக்கு மேல லீவு தரமாட்டான்.

போதாது. மூன்று நாள்தான் உண்டென்றால் பணத்தை மிச்சம் பிடித்து அடுத்த வருஷம் போங்கள். ஆறு இரவு இருந்தால் சரியாக இருக்கும்: போர்ட் பிளேரில் இரண்டு, ஹேவ்லாக்கில் இரண்டு, நீலில் ஒன்று, கடைசி இரவு மறுபடி போர்ட் பிளேர்.

அந்தக் கடைசி இரவை விட்டுவிடாதீர்கள். இரண்டாவது தடவை நான் ஒரு ஏஜெண்டிடம் பேக்கேஜ் வாங்கினேன். காலையில் ஹேவ்லாக்கிலிருந்து படகு, மதியம் விமானம் என்று அழகாகப் போட்டுத் தந்தார். அன்றைக்குக் காற்று. படகு ரத்து. படகுத் துறையில் பெட்டி மேல் உட்கார்ந்து, நாங்கள் ஏறவேண்டிய விமானம் கிளம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏஜெண்டோ, "கடலுக்கு நான் என்ன சார் செய்ய" என்றார். அதுவும் உண்மைதான், ஆனால் அந்தப் பயணத்திட்டத்தைப் போட்டது கடல் இல்லையே.

அங்க சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டிருமாமே, மெய்யா?

மெய்தான். கடிகாரம் நம் கடிகாரம், சூரியன் வேறு. அந்தமான் நம்மைவிட 15 பாகை கிழக்கே இருக்கிறது, அதாவது ஒரு மணி நேர வித்தியாசம். டிசம்பரில் கன்னியாகுமரியில் ஆறரைக்கு உதிக்கிற சூரியன் அங்கே ஐந்தரை வாக்கிலேயே உதித்துவிடும். சாயங்காலம் ஐந்து மணிக்கு அஸ்தமனம்.

நம் பழக்கத்தில் மதியம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, டீ குடித்துவிட்டு ஐந்தரைக்கு ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்குப் போனீர்கள் என்றால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். மைனி குடும்பத்துக்கு அப்படித்தான் நடந்தது. மூன்றரைக்கெல்லாம் அங்கே இருக்கவேண்டும். உதயத்துக்கு அதே தீவின் கிழக்குப் பக்கம், காலாபத்தர் கடற்கரை.

ஜெயில்ல போய் என்ன பார்க்க? பிள்ளையளுக்குப் போரடிக்காதா?

நான் நான்கு தடவையும் போன ஒரே இடம் அந்த செல்லுலார் சிறைதான். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதைச் சுற்றிச் சக்கர ஆரம்போல ஏழு வரிசைக் கட்டடங்கள். இன்று மிச்சம் இருப்பது மூன்று. ஒரு வரிசையின் முகம் அடுத்த வரிசையின் முதுகைப் பார்க்கிற மாதிரி கட்டியிருப்பதால் கைதி எட்டிப் பார்த்தாலும் இன்னொரு மனித முகம் தெரியாது.

கதவுத் தாழ்ப்பாளைக் கவனியுங்கள். கொண்டி கதவிலேயே முடியாமல் நீளமாகப் போய், சுவருக்குள் குடைந்த ஒரு மாடத்தில் பூட்டுகிறது. உள்ளே இருப்பவன் கம்பி வழியே கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாது. என் மகன் அறைக்குள் நின்று தோள் வலிக்க முயன்று பார்த்துவிட்டுப் பேசாமல் வெளியே வந்தான். போரடிக்குமா என்று கேட்டீர்களே, அதனால் சொல்கிறேன்.

முற்றத்தில் செக்கு இருக்கிறது. நம் ஊரில் செக்கு என்றால் தேங்காயெண்ணெய் வாசனைதான் ஞாபகம் வரும். அங்கே மாட்டுக்குப் பதில் மனிதனைப் பூட்டினார்கள். கொப்பரையிலிருந்து ஒரு நாளைக்கு 30 பவுண்டு எண்ணெய் எடுக்கவேண்டும், குறைந்தால் அடி. காலையில் ஒரு தடவை போய் நின்று பாருங்கள். ராத்திரி ஒலி ஒளிக் காட்சிக்கு மட்டும் போனால் இந்த விவரமெல்லாம் கண்ணில் படாது.

ராஸ் தீவு, நார்த் பே, ஜாலி பாய்... மூணுல ஒண்ணுதான் முடியும்னா எது?

பவளம் பார்க்க ஜாலி பாய். வண்டூரிலிருந்து படகு கிளம்பும், காலையிலேயே போய்விட வேண்டும். அது தேசியக் கடல் பூங்காவுக்குள் வருவதால் பிளாஸ்டிக் பாட்டில், பை எதையும் கொண்டுபோகவிட மாட்டார்கள். ஜாலி பாயும் ரெட் ஸ்கின் தீவும் பருவத்துக்கு ஒன்றாகத் திறக்கும். எது திறந்திருக்கிறதோ அதற்குத்தான் டிக்கெட்.

வயதானவர்கள் கூட இருந்தால் ராஸ். 1941 நிலநடுக்கம் வரை பிரிட்டிஷ்காரர்கள் அங்கிருந்துதான் ஆட்சி நடத்தினார்கள். இன்று தேவாலயச் சுவரையும் நடனக் கூடத்தையும் ஆலமர இனத்து வேர்கள் பிடித்து வைத்திருக்கின்றன. வேரை அறுத்தால் சுவர் விழுந்துவிடும் போல. நடக்க முடியாதவர்களுக்குப் பேட்டரி வண்டி உண்டு. நார்த் பே கலங்கரை விளக்கம் பழைய 20 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருக்கிற காட்சிதான். கூட்டமும் இரைச்சலும் அதிகம், எனக்குப் பிடிக்கவில்லை.

ஹேவ்லாக்கா, நீலா?

இரண்டும் முடிந்தால் இரண்டும். ராதாநகர், எலிபெண்ட் பீச், ஸ்கூபா (காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது) எல்லாம் ஹேவ்லாக்கில். நீல் சின்னது, சைக்கிளிலேயே சுற்றலாம். காய்கறித் தோட்டங்களும் வாழையுமாக நம் தோவாளைப் பக்கம் மாதிரி இருக்கும். அங்கே கடல் குடைந்த ஒரு இயற்கைப் பாலம் உண்டு. அதைக் கடல் உள்வாங்கும் நேரத்தில்தான் பார்க்க வேண்டும். நம் பக்கம் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூடத் தேறாது, அங்கே இரண்டு மீட்டர் வரை உண்டு. தண்ணீர் ஏறியிருக்கும்போது போனால் பாலத்தின் அடியில் நிற்க முடியாது. இறங்கியிருந்தால் பாறைக் குழிகளில் கடல் வெள்ளரியும் சின்ன மீன்களும் கிடப்பதைக் குனிந்து பார்க்கலாம். விடுதியில் முந்தின நாளே நேரம் கேட்டுவிடுங்கள்.

நீச்சல் தெரியாது. ஸ்கூபா முடியுமா?

முடியும். முதல் தடவைக்காரர்களுக்கான டைவில் பயிற்சியாளர் உங்களைப் பிடித்துக்கொண்டேதான் வருவார், 12 மீட்டருக்குக் கீழே இறக்கமாட்டார்கள். பத்து வயது நிறைந்திருக்க வேண்டும். ஆஸ்துமா, இதய நோய், காதுப் பிரச்சினை இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் போகாதீர்கள். படிவத்தில் பொய் எழுதுவதும் வேண்டாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். படங்களில் இருக்கிற சிவப்பும் ஆரஞ்சும் கண்ணுக்கு அப்படித் தெரியாது. சில மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் சிவப்பு நிறத்தைக் குடித்துவிடும், எல்லாம் நீலமும் சாம்பலுமாகத் தெரியும். 2010இல் கடல் சூடேறியதில் நிறையப் பவளம் வெளுத்தும் போனது. ஆனாலும் ஒரு சாமந்திக்குள் மீன் ஒன்று ஒளிந்து ஒளிந்து எட்டிப் பார்த்ததே, பூ மாதிரி இருக்கிற கடல் உயிரி, கடல் சாமந்தியைத்தான் சொல்கிறேன், அதற்கே கொடுத்த காசு தீர்ந்தது.

நான் கடல்ல பெறந்தவன், ரெண்டு நிமிஷம் மூச்சுப் பிடிப்பேன். எனக்கும் கிளாஸ் எடுப்பானாமே?

உங்களுக்குத்தான் முக்கியமாக எடுக்கவேண்டும். ஸ்கூபாவின் முதல் விதி மூச்சைப் பிடிக்கக்கூடாது என்பது. சிலிண்டர் காற்றை ஆழத்தில் இழுத்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், அழுத்தம் குறையக் குறைய நுரையீரலுக்குள் காற்று விரியும், நுரையீரல் கிழியக்கூடும். பழக்கமில்லாதவன் சொன்னதைக் கேட்பான். மூச்சுப் பிடித்தே பழகியவனுக்கு அது தானாக வந்துவிடும்.

இன்னொன்று, டைவ் முடித்துக் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. நான் ஒரு முழு நாள் விடுவேன். மேலே சொன்ன கடைசி இரவு இதற்கும் உதவும்.

பாராதாங் போயே ஆகணும்னு சொல்லுதாங்க. அம்மையக் கூட்டிட்டுப் போலாமா?

எழுபது வயது அம்மாவை அந்தத் தீவுக்கு வேண்டாம். விடியுமுன்னே எழுந்து, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, காவலோடு கூட்டமாகப் போகிற வண்டிகளோடு காட்டுப் பாதையில் போகவேண்டும். அப்புறம் ஜங்கார் (வண்டிகளையே ஏற்றுகிற படகு), அப்புறம் வேகப் படகு, அப்புறம் சுண்ணாம்புக் குகைக்கு நடை. படகு போகிற அலையாத்திக் கழி மட்டும் உண்மையிலேயே அழகு. மணக்குடிக் காயலில் நாம் பார்ப்பது கையளவு, அங்கே இரண்டு பக்கமும் வேர்கள் கூரை மாதிரி வளைந்து நிற்கும். ஆனால் அதே அலையாத்தியை ஹேவ்லாக்கில் கயாக் துடுப்புப் போட்டும் பார்க்கலாம். நான் இப்போது அதைத்தான் சொல்கிறேன், காரணம் அடுத்த கேள்வியில்.

அந்த ரோட்டுல ஜாரவா ஆள்களைப் பார்க்கலாமாமே? பிஸ்கட் குடுத்தா கிட்ட வருவாங்களாமே?

இதைக் கேட்டவர் நல்ல மனிதர், வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. அந்தச் சாலை ஜாரவா மக்களின் காட்டின் வழியே போகிறது. 1956ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே நிறுத்துவது, படம் எடுப்பது, சாப்பாடு கொடுப்பது எல்லாம் குற்றம். அவர்கள் சில நூறு பேர்தான். நமக்குச் சாதாரணமான தட்டம்மை அவர்களுக்குள் பரவிப் பெரிய தொல்லையானது உண்டு. சாலையை அந்தப் பகுதியில் மூடச் சொல்லி 2002இலேயே உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது, ஆனாலும் வண்டிகள் ஓடுகின்றன. ஒரு தடவை போனேன். பஸ்ஸில் எல்லாரும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள், காட்டைப் பார்க்க அல்ல. அப்புறம் நான் போகவில்லை.

சென்டினல் தீவைத் தூரத்துல இருந்தாவது? நிக்கோபார்?

இரண்டும் கிடையாது. வெளியாரோடு தொடர்பில்லாத பழங்குடியினர் வாழும் வடக்கு சென்டினலைச் சுற்றி ஐந்து கடல்மைலுக்குள் படகே போகக்கூடாது. நிக்கோபாருக்குத் தனி அனுமதி வேண்டும், சுற்றுலாவுக்குத் தருவதில்லை. ராஜேந்திர சோழன் கல்வெட்டு மாநக்கவாரம் என்று சொல்வது அந்தத் தீவுகளைத்தான். அதை தஞ்சாவூரில் படித்துக்கொள்ளலாம்.

லட்சத்தீவுதான் நமக்குக் கிட்ட. அதை விட்டுட்டு ஏன் அந்தமான்?

தூரம் குறைவுதான், தூத்தூர் ஆழ்கடல் மீனவர்களுக்கு அது பழகிய கடல். ஆனால் அங்கே போக இந்தியருக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும், பெரும்பாலும் கொச்சி போய்த்தான் கப்பலோ விமானமோ ஏறவேண்டி வரும். மொத்தம் 36 தீவு, ஆள் இருப்பது பத்தில். எல்லாம் பவளத்தால் ஆன தட்டைத் தீவுகள். கடல் உள்ளே பார்க்க அந்தமானைவிடவும் தெளிவு. ஆனால் மலை, காடு, சிறை எதுவும் இல்லை. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்குச் சரி. பெரிய குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

எங்க மாமியார் மணக்குடி. சுனாமிக்குப் பெறகு தீவுன்னாலே வரமாட்டேங்குதாங்க.

2004 டிசம்பர் 26இல் மணக்குடியும் குளச்சலும் பட்டதைப் பார்த்தவரிடம் பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிக்கோபாரும் அன்றைக்கு அதைவிடக் கொடுமையாக அடிபட்டது. விவரம் மட்டும் சொல்கிறேன். நமக்கு அலை எங்கோ தூரத்து நிலநடுக்கத்தால் வந்தது, முன்னறிவிப்பே இல்லை. 2007லிருந்து ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அந்தமான் அந்த நிலநடுக்கம் கிளம்பிய நிலப் பிளவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நேரம் குறைவு, அங்கே நிலம் பலமாக ஆடுவதே எச்சரிக்கை. ஆடினால் சைரனுக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போய்விட வேண்டும். அவர் வர ஒப்புக்கொண்டால் மேட்டில் இருக்கிற விடுதியாகப் பார்த்து எடுங்கள். ஒப்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள்.

சிப்பி, பவளத் துண்டு ரெண்டு எடுத்துட்டு வரலாமா? கரையில சும்மாதானே கெடக்கு.

கூடாது. கன்னியாகுமரிக் கடைத்தெருவில் சிப்பி மாலை வாங்கிப் பழகியதால் வருகிற கேள்வி இது. பவளம் உயிரோடு இருந்தாலும் செத்துக் கிடந்தாலும் 1972 வனவிலங்குச் சட்டத்தில் வரும். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கவைத்து எடுத்துவிடுவார்கள். எனக்கு முன்னால் நின்ற சிறுமி ஒருத்தி சட்டைப் பைக்குள்ளிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து வைத்தாள், ஏழு துண்டு. அப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். சிப்பிப் பொருள் வேண்டுமென்றால் அரசு எம்போரியத்தில் பில்லோடு வாங்குங்கள்.

சாப்பாடு எப்பிடி? மீன் கறி நம்ம மாதிரி இருக்குமா?

மீன் அருமை, கறி அப்படி இல்லை. தேங்காய் மலிந்த ஊரில் தேங்காய் அரைக்காமல் வைக்கிறார்கள். சூரை மீன் வறுவல் கேளுங்கள், ஏமாற்றாது. நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு கிலோ கொண்டுபோங்கள்.

கடைசி நாள் அரை நாள் மிச்சம் இருக்கு. மறுபடி பீச்சா?

வேண்டாம், சாத்தாம் மர அறுவை ஆலைக்குப் போங்கள். ஞாயிறு தவிர்த்து. 1883இல் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. படாக் மரம் அறுபடும்போது உள்ளே செங்கல் நிறத்தில் தெரியும், தூளும் அதே நிறம். வளாகத்திலேயே 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்ட பள்ளம் ஒன்று தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. தச்சு வேலை தெரிந்த மாமா ஒருவரைக் கூட்டிப் போயிருந்தேன். மூன்று தீவு பார்த்தும் வாய் திறக்காத மனிதர், ஒரு படாக் பலகையைத் தடவிக்கொண்டே, "இதுல ஒரு கட்டில் செஞ்சா எப்பிடி இருக்கும்" என்று அரை மணி நேரம் பேசினார்.